வீட்டுக்குள் வராத யூ

சீனாவைப் பற்றிப் பிறின்சிக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, வாங்கி மூன்று மாதத்தில் கண்ணை மூடிவிடும் ரோர்ச் லைட். மற்றது, பேக்கரியில் சுடச்சுட விற்கும் சைனீஸ் ரோல்ஸ். இப்படிப்பட்டவளைப் பிடித்து, நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய சீன நாகரிகத்தைப் படிப்பிக்க வைத்தது கொப்பளிப்பான் என்கிற அம்மை.

முதலில் சின்னவன் டிலோஜனுக்கு வந்தது. ஏழு வயது. உடம்பெல்லாம் கொப்பளம் போட்டபோதும் கட்டிலில் ஏறி நின்று குதித்தான். அவனுக்கு வாடத் தொடங்குகிற நேரம் பார்த்து மூத்தவள் டினோஜாவுக்குப் போட்டது. பொருக்கு விழுந்து முடியும்வரை பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார்கள். நண்டுச் சதை எடுக்கிற இடத்தில் பிறின்சிக்கு வேலை. அங்கேயும் அதையே சொன்னார்கள். வேதக்கார வீடென்றாலும் வாசல் படலையில் வேப்பிலை கட்டாமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. கட்டினாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கூட மீன் பையைப் படலையில் கொழுவிவிட்டு, றோட்டில் நின்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு அறை, தகரக் கூரை, மாசி வெயில், சொறிந்துகொண்டே இருக்கும் இரண்டு பிள்ளைகள். ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகவும் வழியில்லை.

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நாளும் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெளியில் போனால் ஆட்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பார்ப்பதற்குக் காரணம் கொலின்ஸ், அவளுடைய புருஷன்.

கொலின்ஸ் பெக்கோ ஓட்டுகிறவன். மாரி வெள்ளம் மன்னார் டவுனுக்குள் ஏறி இறங்கிய பிறகு, அந்தப் பெரிய இயந்திரத்தால் வாய்க்கால் தோண்டுகிற வேலை அவனுக்குக் கிடைத்தது. தைப்பொங்கல் கழிந்த கிழமை ஒரு பகல், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், சேட்டு காற்சட்டைகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு தாழ்வுபாடு என்ற ஊரில் வேறொருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டான். சண்டைகூட இல்லை. படலையில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"பிள்ளையளுக்கு நீயே ஏதாவது சொல்லு."

அவளும் சொன்னாள். அப்பாவுக்கு வேலை கூட, வேலைத்தளத்திலேயே தங்குகிறார் என்றாள். கொப்பளிப்பான் வந்ததும் இன்னொன்று சேர்த்தாள்: அப்பாவுக்குச் சின்னனில் இந்த வருத்தம் வரவில்லை, உள்ளே வந்தால் அவருக்கும் தொற்றிவிடும். ஒரு பொய்யைப் பெற்றுப் போட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டியிருக்கிறது. இதில் பெரிய இடைஞ்சல் என்னவென்றால், தாழ்வுபாட்டிலிருந்து டவுனுக்குப் போகும் றோட்டு அவள் வீட்டு வாசலால்தான் போனது.

டினோஜாவின் வரலாற்று ரீச்சர் றிஸ்மினா நல்ல மனுஷி. வராத பிள்ளைகள் பின்தங்கிவிடக்கூடாதென்று பாடக் குறிப்புகளை வகுப்பின் வட்சப் குழுவில் போட்டார். தரம் ஆறு, பண்டைய சீனம். அந்தக் குழுவில் நாற்பத்திமூன்று பெற்றோர். வருஷத் தொடக்கத்தில் கொலின்சின் இலக்கத்தையும் கொடுத்திருந்தார்கள். அவன் அதைத் திறந்தும் பார்க்கமாட்டான் என்று பிறின்சி நினைத்திருந்தாள்.

படிப்பிக்கத் தொடங்கியபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. பிடித்துப் போயிற்று. மஞ்சள் தூளைக் கரைத்துச் சீமெந்துத் தரையில் மஞ்சள் ஆற்றை ஓட விட்டாள். துடைக்கத்தான் அரை நாள் போனது. அரசி ஒருத்தியின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பட்டுப்புழுவின் கூடு விழுந்து, அதிலிருந்து நூல் வந்தது என்ற கதையைச் சொன்னபோது டிலோஜன் குறுக்கே விழுந்து, "தேத்தண்ணிக்குச் சீனி போட்டவவோ?" என்று கேட்டான். அடைபட்டுக் கிடந்த வீட்டுக்குள் மூவரும் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பிறகு வந்தது ஆமை ஓட்டுப் பாடம். அந்தக் காலத்து அரசர்கள் ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கேள்வியைக் கீறி, சூடு காட்டி, வெடிக்கிற கோட்டைப் பார்த்துப் பதில் சொல்வார்களாம். மழை வருமா, போரில் வெல்வோமா, ராணிக்குப் பிள்ளை சுகமாகப் பிறக்குமா. ஆமை ஓட்டுக்கு எங்கே போவது? கடற்கரையில் பொறுக்கி வைத்திருந்த கணவாய் ஓடுகளில் இரண்டைப் பிறின்சி எடுத்துக் கொடுத்தாள். டினோஜா ஆணியால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்துச் சூரியன் கீறினாள். நாளைக்கும் வெயிலா என்பது அவளுடைய கேள்வி. மன்னாரில் மாசி மாதத்தில் அதை ஓட்டிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்றில்லை.

டிலோஜன் தன் ஓட்டில் தமிழிலேயே கீறினான். "அப்பா எப்ப" என்ற அளவோடு இடம் முடிந்துவிட்டது.

குறட்டால் பிடித்துக் காஸ் அடுப்பில் காட்டினாள். ஓடு கருகி நாறி, நடுவால் வெடித்தது.

"என்னவாம் அம்மா?"

இரண்டு முகங்களும் அவளையே பார்த்தன. கருகிய ஓட்டில் என்ன இருக்கப் போகிறது? "பொருக்கெல்லாம் விழுந்த பிறகு வருவாராம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து டிலோஜன் காலையில் எழும்பியதும் தன் உடம்பிலும் அக்காவின் முதுகிலும் பொருக்கு எண்ணத் தொடங்கினான். நாளுக்கு நாள் தொகை குறைந்தது. பிள்ளைகளுக்கு வருத்தம் மாறுவதைப் பார்த்து பயந்த தாய் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அடுத்த பாடம் யூ.

ஆறு பெருகி ஊரையெல்லாம் மூடிய காலத்தில், வெள்ளத்தை அடக்கும் பொறுப்பு யூ என்பவனுக்கு வந்ததாம். அவனுடைய தகப்பன் அணை கட்டிப் பார்த்துத் தோற்றவன். யூ அணை கட்டவில்லை. வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பினான். பதின்மூன்று வருஷம் அந்த வேலை. அத்தனை வருஷத்தில் மூன்று முறை தன் வீட்டு வாசலால் போனான். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டும், வேலை முடியவில்லை என்று நுழையாமலே போனான். அதனால் சனங்கள் அவனை அரசனாக்கினார்கள்.

டினோஜா இதை ஜன்னலடியில் இருந்து உரத்து வாசித்துக்கொண்டிருந்தாள். நேரம் காலை எட்டு மணி. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு டிலோஜன் ஜன்னல் கம்பியில் தொங்கி, "அப்பா! அப்பா!" என்று கத்தினான். ஹெல்மெட் போட்ட தலை கொஞ்சம் திரும்பியது. வேகம் குறையவில்லை.

டினோஜா போனைக் கீழே வைத்தாள். "அம்மா, அப்பாவும் வாய்க்கால்தானே வெட்டுறார்?"

"ஓம்."

"வெள்ளம் வராம இருக்கத்தானே?"

"ஓம், பிள்ளை."

"அப்ப அப்பாவும் யூ மாதிரித்தான்!"

மூன்றாவது "ஓம்" சொல்லப் பிறின்சிக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னாள். பதினொரு வயதுப் பிள்ளையின் முகம் அப்படி மலர்ந்ததை அவள் ஏழு கிழமையாகப் பார்க்கவில்லை. அதை எந்த வாயால் கெடுப்பது?

பிள்ளைகள் எழும்பிப் போன பிறகு குறிப்பை எடுத்து மறுபடி வாசித்தாள். யூவின் பெண்சாதி என்ன செய்தாள் என்று ஒரு வரி இல்லை. கதவுக்கு உள்ளே பிள்ளையோடு நின்றவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லைப் போலும். பிறின்சிக்கு அந்த மனுஷியில் கோபம் கோபமாக வந்தது. விசரி, ஓடிப்போய் மறித்துக் கேட்டிருக்கலாமே.

ரீச்சரின் அடுத்த செய்தியில் வினை வந்தது. யூவைப் போல ஊருக்கு உழைக்கும் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் படமெடுத்துக் குழுவில் போடவேண்டும். திங்கட்கிழமை பின்னேரம் டினோஜா எழுதி முடித்துத் தாயிடம் நீட்டினாள்.

"எனது அப்பா பெக்கோ ஓட்டுகிறார். மன்னாரில் வெள்ளம் வராமல் வாய்க்கால் வெட்டுகிறார். நாங்கள் கொப்பளிப்பானில் படுத்திருக்கிறோம். அப்பா ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலால் போகிறார். தம்பி கூப்பிட்டாலும் நிற்க மாட்டார். ஏனென்றால் அவருக்கு ஊர்தான் பெரிது. நான் அதற்காக அழ மாட்டேன்."

பிறின்சி அதை இரண்டு தரம் வாசித்தாள். குழுவில் இருக்கிற நாற்பத்திமூன்று பேரில் நாற்பது பேருக்காவது கொலின்ஸ் எந்த வீட்டில் சாப்பிடுகிறான், எந்த வீட்டில் படுக்கிறான் என்று தெரியும். இந்தப் பக்கம் அங்கே போனால் ஊரே வாயில் போட்டு மெல்லும். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று பிள்ளைக்குச் சொல்லவேண்டும்.

"நெற்வேர்க் இல்லைப் பிள்ளை" என்றாள்.

"நாலு கோடும் இருக்கே."

"வேற ஆரையும் பற்றி எழுதன். எங்கட பங்குச் சுவாமியைப் பற்றி எழுது. அவரும் ஊருக்குத்தானே உழைக்கிறார்."

"சுவாமிக்குப் பிள்ளையள் இல்லையே அம்மா. ஆர் உள்ள இருந்து கூப்பிடுறது?"

டினோஜா போனை வாங்கித் தானே படமெடுத்து, தானே அனுப்பினாள். அம்மா நிற்கும்போதே அனுப்பினாள். அம்மா மறிக்கவில்லை.

ரீச்சர் ஒரு பூப் படம் போட்டார். யாரோ ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டு, உடனே அழித்தார்கள். மற்றவர்கள் எவரும் மூச்சு விடவில்லை. மற்றப் பிள்ளைகளின் பக்கங்களுக்குக் கீழே "சுப்பர்", "கெட்டிக்காரி" என்று நிறைந்து கிடந்தது. டினோஜாவின் பக்கத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மகள் கால் மணிக்கு ஒருதரம் வந்து போனைப் பார்த்துவிட்டுப் போனாள். பிறின்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொலின்ஸ் வந்து நின்றான்.

படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, தோடம்பழப் பையொன்றை நீட்டினான். பிள்ளைகள் ஓடினார்கள். பிறின்சி பின்னால் போனாள். பக்கத்தை வாசித்துவிட்டுச் சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அப்படியில்லை. அவன் முகம் பூரித்துக் கிடந்தது.

"நல்லா எழுதியிருக்கிறாய் மகள். வேலை செய்யிற பெடியளுக்கெல்லாம் காட்டினனான்."

"அப்பா, உள்ள வாங்கோ!"

"இன்னும் வேலை கிடக்கு மகள். முடிஞ்சாத்தான் வரலாம். அந்த ராசாவும் அப்பிடித்தானே?"

பிறின்சிக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஏழு கிழமையாக அவள் கல்லுக் கல்லாக அடுக்கிக் கட்டிய பொய்க்குள் இவன் வந்து குடியேறிவிட்டான். இனி அவனுக்கு ஒளிக்கவும் தேவையில்லை, தலையைத் திருப்பவும் தேவையில்லை. அவள் மட்டும் இந்தப் படலைக்கு உள்ளே நின்று வருஷக்கணக்காக ஓம் ஓம் என்று தலையாட்டவேண்டும்.

"எனக்குப் பொருக்கெல்லாம் விழுந்திட்டுது" என்றான் டிலோஜன், சேட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. "அக்காக்கு முதுகில நாலுதான். அதுவும் விழுந்தா வருவீங்களோ அப்பா?"

கொலின்ஸ் நிமிர்ந்து பிறின்சியைப் பார்த்தான். நீயே ஏதாவது சொல்லு என்ற அதே பார்வை. அவளுக்குச் சொல் வாயில் ஆயத்தமாகவே இருந்தது. இன்னும் நிறைய வாய்க்கால் கிடக்கு ராசா. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"என்னைப் பாக்காதேங்கோ" என்றாள். "பிள்ளை உங்களைத்தான் கேக்கிறான். இரவில எங்க படுக்கிறனீங்கள் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"விசர்க்கதை கதைக்காதை."

"வேலைத்தளத்திலதானே அப்பா?" என்று டினோஜா கேட்டாள்.

"அது... மகள்..." கொலின்ஸ் றோட்டைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அம்மாட்டக் கேள்" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவன் திருப்பிய பக்கம் தாழ்வுபாடு.

"அப்பா, டவுன் அங்காலப் பக்கமெல்லோ!" என்று மகள் கத்தினாள். அவனுக்கு அது கேட்டிருக்கும். நிற்கவில்லை.

பிறின்சி இருவரையும் வெயிலிலிருந்து வீட்டுக்குள் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். அவள் நிலத்தில் குந்தினாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "அப்பா தாழ்வுபாட்டில வேற வீட்டில இருக்கிறார். பொங்கல் முடிஞ்ச நாளில இருந்து அங்கதான். வேலையும் காரணமில்லை, வருத்தமும் காரணமில்லை. நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

டிலோஜன் யோசித்தான். "அங்க ஒருத்தருக்கும் கொப்பளிப்பான் இல்லையோ?"

அவள் அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டினோஜா அழவில்லை. அழ மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் அல்லவா. போனை எடுத்து வந்து தாயின் கையில் வைத்தாள்.

"நான் போட்டதை அழியுங்கோ."

"இனி எல்லாற்ற போனிலயும் இருந்து அழிக்கேலாது பிள்ளை. நாள் கடந்துபோச்சு. எங்கட போனில மட்டும்தான் அழிக்கலாம்."

"எல்லாரும் வாசிச்சிட்டினமோ?"

"ஓம்."

"அவைக்கு முந்தியே தெரியுமோ?"

இந்தத் தடவை பிறின்சி கண்ணைத் திருப்பவில்லை. "ஓம்."

"அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியாதோ?"

டினோஜா தாயின் கையிலிருந்த போனில் குழுவைத் திறந்து தன் பக்கத்தைக் காட்டினாள்.

"எங்கட போனிலயெண்டாலும் அழியுங்கோ அம்மா" என்றாள்.