ஐந்து வரிசை வாடியதற்கான காரணம்

1

இந்தக் கதை ஒரு ஃபாரத்தில் பிறந்தது. இழப்பு அறிக்கை என்று அதற்குப் பெயர். தேதி, செடி வகை, எண்ணிக்கை, காரணம், பொறுப்பு என்று கட்டங்கள். "காரணம்" என்ற இடத்தில் நான்கு கோடுகள் போட்டிருந்தார்கள். என் காரணம் நான்கு கோட்டில் அடங்கவில்லை. தாளைத் திருப்பிப் போட்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தப் பின்பக்கம்.

மற்றபடி எனக்கு எழுத்தாளர் ஆகிற ஆசை எதுவும் கிடையாது. நான் தாவரவியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இதைப் படித்ததும் உங்கள் முகத்தில் ஒரு கனிவு வருகிறது பாருங்கள், அதைத் துடைத்துவிடுங்கள். இந்தக் கதையில் தப்புச் செய்தவள் நான்தான். கனிவு இருந்தால் என்னை நம்பிவிடுவீர்கள்.

2

முதல் தொடக்கம்: "இலைகளுக்கும் வாய் உண்டு." அடித்துவிட்டேன். பாடப்புத்தகம் கவிதை எழுதப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "செவ்வாய்க்கிழமை காலை மூடி அகற்றப்பட்டது, செடிகள் வாடின." மூடிக்குக் கால் முளைத்துத் தானே நடந்து போனது போல. யார் எடுக்கச் சொன்னது என்ற பேச்சே இல்லை. இப்படி எழுதத்தான் எனக்கு மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்றாம் தொடக்கம்: மூடியை எடுக்கச் சொன்னது

இது முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும். வருகிறேன்.

3

நான் வேலை பார்ப்பது ஒரு நாற்றுப் பண்ணை. விதை போட்டு முளைக்கவைக்கிற பண்ணை அல்ல. கண்ணாடிக் குப்பிக்குள், சத்துக் கூழில் குட்டிக் குட்டியாகச் செடி வளர்த்து வெளியே எடுப்போம். குப்பிக்குள் காற்று முழுக்க ஈரம். வெயில் சுடாது, காற்று அடிக்காது.

இப்போது கொஞ்சம் பாடம். கொட்டாவி விடாமல் கேளுங்கள், இதில்தான் என் சித்தியின் வேலை தொங்குகிறது.

ஓர் இலையைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் ஒரு மிளகு அளவு இடத்தில் ஆயிரக்கணக்கில் துளைகள். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு துளைக்கும் உதடு மாதிரி இரண்டு செல்கள். அவற்றில் தண்ணீர் நிரம்பினால் உப்பி வளையும், துளை திறக்கும். தண்ணீர் வடிந்தால் துவண்டு ஒட்டிக்கொள்ளும், துளை மூடும். திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். அதை வைத்துத்தான் செடி தனக்குச் சாப்பாடு செய்கிறது. ஆனால் அதே வாசல் வழியாகத் தண்ணீர் ஆவியாக ஓடிவிடும். திறந்தால் தாகம், மூடினால் பட்டினி. செடி நாளெல்லாம் சும்மா நிற்கிறது என்று நினைக்கிறோம். அது நாளெல்லாம் இந்தப் பஞ்சாயத்தைத்தான் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

குப்பிச் செடிக்கு இந்தப் பஞ்சாயத்தே தெரியாது. தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்றால் என்னவென்று அது பார்த்ததில்லை. அதன் துளைகள் திறந்தபடியே கிடக்கும். அப்படியே வெளியே வைத்தால், வேரில் தண்ணீர் நின்றாலும் இலை வழியாக வற்றிச் சாகும். அதனால் நிழல்வலைக்கு அடியில் தட்டுகளை வரிசையாக வைத்து, வரிசைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைக் கூடாரம் மாதிரி மேலே வளைத்து மூடி (நான் சொன்ன மூடி இதுதான்), உள்ளே தண்ணீரைப் பனிபோலத் தூவி, மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்குவோம்.

[இந்த இடத்தில் உங்களில் சிலர் பென்சிலை எடுத்து "குப்பிச் செடி, அதாவது முதல் பட்டதாரி" என்று ஓரத்தில் எழுதியிருப்பீர்கள். அழித்துவிடுங்கள். நான் குப்பிக்குள் வளரவில்லை. ஓர் அறையில் ஆறு பேராக வளர்ந்தேன்.]

4

கதையில் இன்னும் இரண்டே பேர்.

கடுகு எங்கள் மேலாளர். நல்ல மனிதர்தான், சூடு படாதவரை. பட்டால் வெடிப்பார். அதனால் அந்தப் பெயர்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பண்ணையில் ஆறு வருடமாகத் தண்ணீர் விடுகிற வேலை. எட்டு மாதம் முன்பு நான் சேர்ந்த அன்று, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் காட்டினாள்.

"எங்கக்கா பொண்ணு. செடிக்கு டாக்டரு."

"சித்தி, டாக்டர் இல்ல. சோதனை அறையில உதவியாளர்."

"வெள்ளக் கோட்டு போட்டிருக்கியா இல்லியா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப சும்மா இரு."

என் முந்தைய வரைவில் சித்தி, மண்ணைத் தொட்டு மோந்து பார்த்து வரப்போவதைச் சொல்கிறவளாக வந்தாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இவள் யார் என்று. நிஜச் சித்திக்கு நாற்பத்தொரு வயது. வீட்டில் இருந்த ஒரே தொட்டிச் செடியைத் தண்ணீர் ஊற்ற மறந்து கொன்றவள். "வேலையிலயும் தண்ணி, வீட்லயும் தண்ணியா?" என்று கேட்டவள். அந்தப் பொய்ச் சித்தியை அடித்துவிட்டேன்.

5

இனித் தள்ளிப்போட முடியாது.

மூடியை எடுக்கச் சொன்னது நான்.

துளை மூடக் கற்றுக்கொண்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இலையின் அடியில் நிறமில்லாத நெயில் பாலிஷைத் தடவ வேண்டும். காய்ந்ததும் டேப்பை ஒட்டி உரித்தால் இலைத்தோலின் அச்சு அப்படியே வந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் வைத்து, திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்று எண்ணலாம். பத்தாம் நாள், ஆறு வரிசையிலும் ஐந்தைந்து இலை எடுக்கவேண்டியது என் வேலை.

இரண்டாம் வரிசைக்குள் கையை விட்டேன். அவ்வளவு ஈரம். நெயில் பாலிஷ் காயவில்லை. பால் மாதிரி வெளுத்து வழிந்தது. மூன்றாவதிலும் அதே கதை. வாசலோரம் இருந்த முதல் வரிசையில் மட்டும் அழகாகக் காய்ந்தது. அது மட்டும் ஏன் காய்கிறது என்று படித்தவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முப்பது அச்சையும் முதல் வரிசையிலேயே எடுத்தேன். முக்கால்வாசித் துளைகள் மூடியிருந்தன. நோட்டில் "வரிசை 1 முதல் 6 வரை" என்று எழுதினேன். கீழே, "நாற்றுகள் தயார். மூடியை எடுக்கலாம்."

ஏன் பொய் எழுதினேன்? பெரிய காரணம் இருந்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும். இல்லை. மூன்று வார வேலையைப் பத்தே நாளில் முடித்தேன் என்றால் கடுகு அசந்துபோவார் என்று நினைத்தேன். அசந்தார். "பரவால்லயே, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்" என்றார். (அந்த நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.)

6

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு மூடியை எடுத்தோம். பதினொன்றுக்கு இலை ஓரங்கள் சுருண்டன. பன்னிரண்டுக்கு ஐந்து வரிசையும் வெந்த கீரை மாதிரித் தட்டில் படுத்துவிட்டன. முதல் வரிசை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நின்றது. அதன் பக்கத்தில்தான் சித்தியின் முக்காலி.

கடுகு முக்காலியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார்.

"நீ உக்கார்ற எடத்துல இருக்கறதுக்கு மட்டும் தண்ணியா? மத்ததெல்லாம் சாவட்டும்னு விட்டுட்டியா?"

"எல்லாத்துக்கும்தான் சார் விட்டேன். மண்ணத் தொட்டுப் பாருங்க."

"இப்ப ஊத்திட்டு எனக்கே மண்ணக் காட்றியா?"

"எனக்கென்ன சார் ஓரவஞ்சன? அந்த ஒரு வரிச என் அம்மா வீடு, மத்த அஞ்சும் மாமியார் வீடா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. கடுகு வெடித்தார்.

"சனிக்கிழமையோட நின்னுக்க!"

நான் மூன்றடி தள்ளி வெள்ளைக் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், அது வந்து"

"என்னம்மா?"

"பிளாஸ்டிக்க மறுபடி மூடிடலாம் சார்."

மூடினோம். தண்ணீர் தூவினோம். சாயங்காலத்துக்குள் சில தட்டுகள் தலைதூக்கின. சமயத்தில் யோசனை சொன்னதற்காகக் கடுகு எனக்கு நன்றி சொன்னார். செருப்பால் அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

7

புதன்கிழமை, செய்யவேண்டியதைச் செய்தேன். இரண்டாம் வரிசை இலையைப் பறித்து, காய்ந்த மேசைக்குக் கொண்டுவந்து அச்செடுத்தேன். துளைகள் எல்லாம் ஆ என்று திறந்து கிடந்தன. இலை என் கையிலேயே துவண்டது. ஆக, சித்தி தண்ணீர் விட்டாள். செடிக்கு அதைப் பிடித்துவைக்கத் தெரியவில்லை. சரி, முதல் வரிசைக்கு மட்டும் யார் கற்றுக்கொடுத்தது?

மத்தியானச் சாப்பாட்டில் சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சித்தி, அந்த மொத வரிசைய என்ன பண்ண?"

"நீயுமாடி?"

"நெசமாவே கேக்கறேன். அது மட்டும் எப்படிப் பொழச்சுது?"

சித்தி டப்பாவை மூடினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. மத்தியானத்துல தலைய உள்ள விட்டு உக்காந்துக்குவேன்."

"எதுக்குள்ள?"

"பிளாஸ்டிக்குக்குள்ளதான். வெளிய கொதிக்குது. உள்ள சில்லுனு பனியா தூவுது. ஒரு ஓரத்தத் தூக்கிட்டு கழுத்து வரைக்கும் உள்ள. அர மணி நேரம். சொகமா இருக்கும்டி."

"பத்து நாளுமா?"

"ஞாயித்துக்கிழம லீவு."

அவ்வளவுதான் ரகசியம். தினமும் அரை மணி நேரம் ஓரம் தூக்கியிருந்ததால், முதல் வரிசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்று கிடைத்தது, நெயில் பாலிஷ் காய்ந்ததும் அதனால்தான். அந்தச் செடிகள் தாகம் கண்டு, துளையை மூடப் பழகிவிட்டன. "படிக்காதவளின் ஞானம்" என்று இங்கே எழுதினால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். ஞானம் கிடையாது. வேர்வை.

பிறகு நானும் சொன்னேன், நோட்டில் எழுதிய பொய்யை.

"அந்தாளு என்னத் திட்டும்போது பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

"மரமாட்டம்."

"ஆமா."

"சரி விடு. வெளிய சொல்லிக்காத. எனக்குப் போனா ஒரு வேல. உனக்குப் போனா வீட்டுக்கே போச்சு."

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். என் படிப்புக்காக எங்கள் வீட்டில் ஏற்கெனவே நாலு பேர் தங்களுக்கு வேண்டியதைக் கேட்காமல் விழுங்கியிருக்கிறார்கள். ஐந்தாவதாக இவளும் விழுங்கினால், நான் வாங்கிய பட்டத்தை எங்கே கொண்டுபோய்

[இந்த வாக்கியத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. தாள் பண்ணையுடையது என்பதால் விட்டுவிட்டேன்.]

8

வியாழக்கிழமை காலை, நோட்டையும் முப்பது அச்சையும் எடுத்துக்கொண்டு கடுகின் அறைக்குப் போனேன்.

"சார், இதுல எழுதியிருக்கறது பொய். மொத வரிசைல மட்டும்தான் பாத்தேன். எல்லாத்தையும் பாத்ததா எழுதினேன். சித்தி மேல தப்பே இல்ல."

அவர் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அச்சுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப மொத வரிச மட்டும் ஏன் நின்னுது?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இரவெல்லாம் புரண்டேன். பதில் சொன்னால் சித்தி மாட்டுவாள். மூடியைத் தூக்கக் கூடாது என்பது பண்ணையின் சட்டம். சொல்லாவிட்டால் நான் இன்னொரு பொய் சொன்னவள்.

"நான் காட்றேன் வாங்க சார்."

வாசலில் சித்தி. எப்போது வந்தாள் என்று தெரியாது. விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். முதல் வரிசைக்குப் போய், பிளாஸ்டிக்கின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து, கழுத்துவரை தலையை உள்ளே விட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தெனமும் இப்படித்தான் சார். இதுக்கும் சேத்துத் திட்டிடுங்க. ரெண்டு தடவ நிறுத்த முடியாதுல்ல?"

கடுகு அந்த முதுகைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்து ஓரத்தைத் தூக்கி, தானும் குனிந்து தலையை உள்ளே விட்டார். அரை நிமிடம். வெளியே வந்தபோது மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. அதைக் கழற்றாமலே சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு."

சித்தி உள்ளேயிருந்தபடியே சிரித்தாள். பிளாஸ்டிக் முழுக்க அதிர்ந்தது.

"நோட்டுல அந்தப் பக்கத்தக் கிழிக்காத" என்று என்னிடம் சொன்னார். "பக்கத்துலயே உண்மைய எழுது. இனி மூணு மாசம் உன் நோட்டுல நான் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்." பிறகு சித்தியிடம், "நீ எங்கயும் போவ வேணாம். தெனம் மத்தியானம் அர மணி நேரம், ஆறு வரிசயும் தூக்கி விடு."

"ஆறுலயும் தலய விடணுமா சார்?"

அதற்குத்தான் வெடித்தார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. திடீரென்று பயங்கரமாகப் பசித்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பசி என்ற ஒன்றே எனக்கு இருக்கவில்லை.

9

முடிவு வேண்டும் என்பீர்கள். சிலவற்றை முயன்று பார்த்தேன்.

சித்தி ஒரு நாற்றுப் பண்ணைக்கு முதலாளி ஆகிறாள். (சொன்னேன். "எனக்கெதுக்குடி அந்தத் தலவலி" என்றாள்.)

கடுகு திருந்திவிடுகிறார். (நேற்றுக் காலை பத்து மணிக்குள் மூன்று முறை வெடித்தார்.)

எல்லாச் செடியும் பிழைக்கிறது. (இல்லை. இரண்டு வரிசை செத்தது செத்ததுதான். இரண்டு பிழைத்துவிட்டது. ஃபாரத்தின் முன்பக்கத்தில் எண்ணிக்கையும் பொறுப்பும் எழுதியாகிவிட்டது. பொறுப்பில் என் பெயர்.)

மிச்சம் இருப்பது நான்காம் வரிசை. அது எந்தப் பக்கம் சாயும் என்று இன்னும் தெரியாது. இந்தப் பகுதியை எழுத உட்காரும்போது அதிலிருந்து ஓர் இலையைப் பறித்து, தாளுக்கு இடது பக்கம் மேசையில் வைத்தேன். துளை மூடத் தெரிந்த இலை, பறித்து ஒரு மணி நேரம் ஆனாலும் விறைப்பாக இருக்கும். தெரியாதது அரை மணியில் துணி மாதிரி ஆகிவிடும். இதுவரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. பயமில்லை. வாடியிருந்தால் வாடியது என்று எழுதப்போகிறேன், அவ்வளவுதானே.

வெளியே சித்தி கத்துகிறாள்.

"ஏய், மணி ஒண்ணு! மூடியத் தூக்க ஆள் வேணும். எழுதுனது போதும் வாடி!"

நான் எழுந்து போகிறேன். பேனா இங்கேதான் இருக்கிறது. இலையைத் தொட்டுப் பாருங்கள். என் மனசுக்காக நல்லதாக எழுத வேண்டாம். எப்படி இருக்கிறதோ, அப்படியே இந்தக் கோட்டில் எழுதிவிடுங்கள்:

நான்காம் வரிசை: ____________________