எரித்த கட்டத்தில் வீட்டம்மா

பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, ஊர்ப்பட்ட புத்தகத்துக்கெல்லாம் எண் ஒட்டிய லைப்ரரியம்மாவுக்கு, வீட்டுக்காரரின் பதினொரு நோட்டுகளுக்கு ஒரு சீட்டு ஒட்ட வாய்க்கவில்லை. அவர் தொட விட்டால்தானே. "என் குப்பை எனக்குக் கோபுரம்" என்பார். அவர் போய் ஐந்து மாதமாகியும் நோட்டுகள் துணி அலமாரியின் மேல்தட்டில், அவர் வைத்த வரிசையிலேயே இருந்தன.

அவற்றைத் தேடித்தான் ஆய்வாளர் வந்தாள். தாவரவியல் நிலையத்தில் அவரோடு ஒன்பது வருஷம் ஒரே அறையில் மேசை போட்டு வேலை பார்த்தவள். அவரை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகியதால் இவள் அண்ணி ஆகிவிட்டாள்.

"அண்ணி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அடுத்த மாசக் கடைசியில வனத்துறைக் கூட்டம். அண்ணனோட புல்வெளி சும்மா கிடக்கிற நிலம், குழி வெட்டி மரம் நட்டுடலாம்னு பேசறாங்க. தீ வெச்சா அங்க புல்லு திரும்பி வருது, அது பாழ் நிலமில்லன்னு சொல்ல நம்மகிட்ட இருக்கிற ஒரே சாட்சி இந்த நோட்டுங்கதான்."

"எடுத்துட்டுப் போயேன். யாரு வேண்டாம்னா?"

"எடுத்துட்டுப் போய்? நீங்களே பாருங்க."

ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள்.

*கட்டம் 4, எரித்தது. பெரியத்தை 61. சித்தப்பா 22. மச்சான் 3.*

*கட்டம் 5, எரிக்காதது. பெரியத்தை 9. சித்தப்பா 2. மச்சான் 48.*

நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, பாதியை வருஷாவருஷம் எரித்து, பாதியை எரிக்காமல் விட்டு, எதில் என்ன முளைக்கிறது என்று எண்ணுவதுதான் அவர் வேலை. முதல் வருஷம் பூக்காத நாற்றுகளுக்குச் சரியான பெயர் தெரியாமல் அடையாளத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார். பிறகு அதுவே கைப்பழக்கமாகிவிட்டது.

"பதினாலு பேரு அண்ணி. எது எந்தச் செடின்னு எங்கயும் எழுதல. எல்லாத்தையும் தலைக்குள்ளயே வெச்சிருந்தார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, ஆய்வாளர் டீக் கோப்பையைப் பார்த்துக் குனிந்தாள். ஆனால் லைப்ரரியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. நாள்பட மூடிக் கிடந்த கதவு திறந்த மாதிரி கரகரவென்று வந்தது.

"அவரோட பெரியத்தை தொட்டா விடமாட்டாங்க. எங்க கல்யாணத்துல அவங்க சொன்ன ஒரு வார்த்தை இன்னும் புடவையில குத்திக்கிட்டே இருக்கு. அப்படி ஒட்டிக்கிட்டுக் குத்தற புல்லு ஏதாவது இருக்கா?"

"ஊசிப்புல்!" ஆய்வாளர் கோப்பையை டக்கென்று வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லைப்ரரியம்மாவுடைய தம்பியின் வேனில் புல்வெளிக்குக் கிளம்பினார்கள். தம்பி முன்பு ஒருமுறை, வாடகை வீடு கிடைக்கும்வரை இரண்டு நாள் என்று பையோடு வந்து, நாலு வருஷம் தங்கியவன். இப்போது அடுத்த தெருவில் இருக்கிறான். சாப்பாட்டுக்கு மட்டும் வழி மறக்கவில்லை.

"அதுல நான் இருக்கேனாக்கா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான்.

லைப்ரரியம்மா ஒவ்வொருவர் குணத்தையும் சொன்னாள். ஆய்வாளர் அந்தக் குணமுள்ள செடியைத் தேடினாள். சித்தப்பா கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டால் அத்தர் பாட்டிலையே கவிழ்த்துக்கொள்பவர். கசக்கினால் எலுமிச்சை மணக்கும் புல் அகப்பட்டது. மச்சானுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. எரிக்காத கட்டம் முழுக்க மார் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. ஒரே கொத்தில் ரோஸ், மஞ்சள், ஆரஞ்சு. இரண்டு பெண்களும் அந்தப் பூவைப் பார்த்தார்கள். பிறகு அதே நிறங்களில் பூப்போட்ட தம்பியின் சட்டையைப் பார்த்தார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க?"

லைப்ரரியம்மா நாலாவது நோட்டிலிருந்து வாசித்தாள். "மச்சான் முதலில் இரண்டு கிளையோடு வந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். இப்போது கட்டமே அவருடையது. வெட்டினேன், துளிர்த்துவிட்டார். தன் நிழலில் வேறு யாரையும் வளர விடுவதில்லை. பறவைகளுக்கு மட்டும் ரொம்பப் பிரியமானவர்."

தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். "ஆஸ்பத்திரியில மூணு மாசம் தூக்கித் தூக்கி உக்கார வெச்சேன். அப்பகூட ஒரு வார்த்தை சொல்லல பாரேன் மனுஷன்!" பிறகு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "பறவைக்குப் பிடிக்கும்னு எழுதியிருக்காரில்ல? போகட்டும்" என்றான்.

சாயங்காலத்துக்குள் பதிமூன்று பேரும் அகப்பட்டார்கள். மீதி ஒன்றுதான்: *வீட்டம்மா*.

முதல் நோட்டைத் திறந்த அன்றே லைப்ரரியம்மா தேடியது அந்தப் பெயரைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் குணம் குற்றம் எழுதியவர் வீட்டம்மாவுக்கு வெறும் எண்ணிக்கைதான் போட்டிருந்தார். அதுவும் எரித்த கட்டத்தில் மட்டும், தீ வைத்த இரண்டாம் வாரம் மட்டும். மழைக்குப் பின் எடுத்த கணக்கில் பெயரே இல்லை. உடம்பு முடியாமல்போன கடைசி மூன்று வருஷமும் தீ வைக்கவில்லை. ஆனாலும் கோலூன்றிப் போய்ப் பார்த்து, மூன்று முறையும் 'இல்லை' என்று எழுதியிருந்தார். கடைசி 'இல்லை'க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: *அடியில் இருப்பாள்.*

அந்த வரி அவளுக்குச் சுருக்கென்றது. "அதென்ன அடியில? அந்த மூணு வருஷமும் அவர் கட்டிலை விட்டு நான் எங்க போனேன்?"

"எனக்கும் புரியல அண்ணி. நான் மழைக்கப்புறம், புல்லு பூக்கிறப்பதான் வருவேன். தீக்கு அடுத்த கணக்கை அவர் தனியாவே எடுப்பார். ஆனா இதை விட்டுட்டுப் போக முடியாது. எரிச்ச இடத்துல மட்டும் வர்ற ஒரே ஆளு இவதான். கூட்டத்துல முதல் கேள்வியே இதுவாத்தான் இருக்கும்."

அந்த வருஷம் எரிக்க அனுமதி கிடைத்திருந்தது. எரித்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பனி உலர்ந்த ஒரு காலைப் பொழுதில், சுற்றிலும் புல்லைச் செதுக்கி வரப்பு விட்டு, ஈரச் சாக்கோடு ஆட்களை நிறுத்தி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தீ வைத்தார்கள். தீ அவள் நினைத்தது போல் சீறவில்லை. முழங்கால் உயரத்தில், மாடு மேய்வது போல் நிதானமாக நகர்ந்தது. புகை முகத்தில் அடித்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது. புகையால் மட்டுமில்லை; அது அவருடைய சட்டை வாசனை.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சட்டைக்காகத்தான் சண்டை வரும். வாசலிலேயே கழற்றிப் போடச் சொன்னால் கேட்கமாட்டார். நேராக உள்ளே வந்து, வெளுத்த துணிமேல் வீசுவார். அவளும் விடமாட்டாள். அன்றோடு பேச்சை நிறுத்திவிடுவாள்.

பன்னிரண்டாம் நாள் மூவரும் திரும்பப் போனார்கள். நிலம் அடுப்படிக் கரியாகக் கிடந்தது. ஒரு புல் இல்லை, ஒரு துளி மழை இல்லை. ஆனால் அந்தக் கரியில், தண்டு இல்லாமல், இலை இல்லாமல், தரையிலிருந்து நேராக ஊதாப் பூக்கள். இங்கே இரண்டு, அங்கே ஐந்து. யாரோ கையால் வைத்துவிட்டுப் போனது போல.

ஆய்வாளர் மண்டியிட்டு, சிறு கரண்டியால் ஒன்றை மட்டும் தோண்டினாள். அடியில் கட்டைவிரல் பருமனுக்குக் கிழங்கு. புரட்டிப் பார்த்து, அதன் தாவரவியல் பெயரைச் சத்தமாகச் சொன்னாள்.

"மழை பெய்ஞ்சதும் இலை விட்டு ஆளே மாறிடும் அண்ணி, புல்லோட புல்லாயிடும். அதான் நான் பாத்ததேயில்ல. எரிக்கலைன்னா பூக்காது. ஆனா சாகவும் சாகாது. எத்தனை வருஷமானாலும் கீழயே கிடக்கும்."

லைப்ரரியம்மா அந்தக் கிழங்கைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தம்பிதான் மெதுவாகச் சொன்னான்.

"தீ வெச்சுட்டு வந்தார்னா பத்து நாள் நீ வாயே திறக்கமாட்ட. அப்புறம் ஒரு நாள், ஒண்ணுமே நடக்காத மாதிரி டீயை நீட்டிக்கிட்டு நீயே சிரிச்சிட்டு வந்து நிப்ப. அந்தக் கோபத்துக்கு அடியில என்ன இருக்குன்னு நாலு வருஷம் இருந்த எனக்கே தெரியும்க்கா. அவருக்குத் தெரியாதா?"

"சும்மா இருடா, எண்ணிக்கை தப்பிடப் போகுது" என்றாள். கட்டம் கட்டமாகக் குனிந்து தானே எண்ணினாள். இருமுறை தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு அவருடைய கடைசி வரிக்குக் கீழே, நூலகச் சீட்டில் எழுதும் அதே குண்டு எழுத்தில் எழுதினாள்: *வீட்டம்மா 43.*

கூட்டத்தில் பதினான்கு பெயரும் தாக்கலாயின. மரம் நடும் பேச்சு ஐந்து வருஷத்துக்குத் தள்ளிப்போனது. அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று வீடு திரும்பியபோது அவள் புடவைக் கரையெல்லாம் கரி. வாசற்படியில் பழக்கத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்பை மட்டும் விட்டுவிட்டு, அதே புகை வாசனையோடு நேராக உள்ளே போனாள்.