கோட்டுப் பையில் உறைந்த மருந்து

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நின்றதில்லை. என் தகப்பனார் கேட்டதில்லை. நானும் எழுபத்தொரு வயதுவரை அந்த வழக்கத்தைக் காப்பாற்றியே வந்தேன்.

மருமகள் மருந்து ஆராய்ச்சி செய்கிறவள். ஆறு வருட உழைப்பில் ஒரு திரவத்தை உண்டாக்கியிருந்தாள். குளிரில் அது தண்ணீர் போல ஓடும். ஊசி வழியாக உடம்புக்குள் போனதும் அந்தச் சூட்டில் கெட்டிப்படும். பிறகு ஒரு மாதம் மெல்லக் கரைந்து, தன்னுள் இருக்கும் மருந்தைச் சிறிது சிறிதாக விடும். கடைசியில் தானும் மிச்சமில்லாமல் போய்விடும். தினமும் ஊசி குத்திக்கொள்ளும் என் மனைவியைப் போன்றவர்களுக்கு மாதம் ஒன்று போதும். அதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க அனுமதி தரும் குழு அன்று கூடியது. மகன் வெளியூரில் இருந்ததால், துணைக்கு நான் கோட்டு அணிந்து கிளம்பினேன்.

"மாமா, இந்தப் பெட்டியை மடியில வெச்சுக்கோங்க. திறந்துடாதீங்க. நான் உள்ள பேசி முடிச்சதும் கூப்பிடுவாங்க, அப்ப கொண்டுவாங்க" என்றாள்.

தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ், நடுவில் விரலளவு சீசா. மூலை ஒழுகி, இஸ்திரி கலையாத என் கால்சட்டையில் ஈரம் படர்ந்தது. என்னை வாசலில் இறக்கிவிட்டு அவள் வண்டி நிறுத்தப் போனாள். கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தேன். ஐஸ் விற்க வந்தவன் போலிருந்தேன். இந்தக் கோலத்திலா எங்கள் வீட்டார் சபை ஏறுவது? சீசாவைத் துடைத்துக் கோட்டின் உள்பையில் வைத்தேன். பெட்டியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, மாடி வராந்தாவில் முக்கால் மணி நேரம் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தேன். மருமகள் வண்டி நிறுத்திய பக்கத்து வழியாகவே கூட்ட அறைக்குள் போய்விட்டிருந்தாள்.

கூப்பிட்டதும் போனேன். உள்ளே நீள மேசைக்கு அப்பால் ஐந்து பேர். நடுவே, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய தலைவி. சீசாவை நீட்டினேன். விரல் பட்டதுமே மருமகளின் முகம் மாறியது. கவிழ்த்தாள். உள்ளே இருந்தது வெள்ளையாகக் கட்டிதட்டி, அசையாமல் நின்றது.

"ஓடும்னுதானே சொன்னீங்க?" என்றார் தலைவி.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "குளிர்ல இருந்திருக்கணும் மேடம். என் கவனக்குறைவு."

"உங்களாலயே பார்த்துக்க முடியலைன்னா, ஆஸ்பத்திரில யாரும்மா பார்த்துப்பாங்க? அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்."

அடுத்த கூட்டம் ஒரு வருடம் கழித்து. 'இவர்தான் எடுத்தார்' என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. குடும்ப மானத்தைக் காப்பவன் நான் என்று இறுமாந்திருந்தேன்; என் கண்ணெதிரே அதை அவள் சுமந்துகொண்டு நின்றாள்.

"தப்பு என்னோடது" என்றேன். "பெட்டி ஒழுகுச்சு, கௌரவக் குறைச்சலா இருந்துச்சு. இவ சொல்லியும் கேக்காம நான்தான் எடுத்துப் பையில போட்டேன். மன்னிக்கணும்."

கூரை இடிந்து விழவில்லை.

தலைவி மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "எந்தப் பையில?"

"நெஞ்சுப் பக்கம்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

"சட்டைக்கு மேல இருந்தே இறுகிடுச்சா?" அவர் குரலே மாறிவிட்டது. மருமகளைப் பார்த்து, "திரும்ப இளகுமா?"

"ஐஸ்ல வெச்சா இளகும் மேடம்."

பெட்டியை எடுத்துவர நானே ஓடினேன். படிக்கட்டில் நான் ஓடியதைக் கடைசியாகப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடில்லை.

ஐஸில் வைத்த பத்து நிமிடத்தில் சீசாவுக்குள் மருந்து தண்ணீராய்த் தளும்பியது. மருமகள் ஊசியில் உறிஞ்சி, வெதுவெதுப்பான நீருக்குள் செலுத்தினாள். சிதறாமல் வெள்ளை முத்தாகத் திரண்டு நின்றது. ஐவரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். பிறகு வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்.

"பெரியவரை அடுத்த தடவையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் தலைவி.

"உபகரணப் பட்டியல்லயே சேர்த்துடறேன் மேடம்" என்றாள் மருமகள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

திரும்பும்போது பெட்டி என் மடியில் ஒழுகியது.

"பின் சீட்ல வைங்க மாமா, நனையுது."

"நனையட்டும்."

தெருமுனையிலேயே இறங்கி, பெட்டியை இரு கையாலும் ஏந்தி, ஒரு வாசல் விடாமல் எல்லோர் கண்ணிலும் பட நிதானமாக நடந்து வீடு சேர்ந்தேன்.

மனைவி கதவைத் திறந்தாள். "என்னங்க, கால்சட்டையெல்லாம் ஈரம்?"

"உன் மருமக ஜெயிச்சுட்டா."

"அவ ஜெயிச்சதுக்கு நீங்க ஏன் நனைஞ்சீங்க?"