ஒரு பெயருக்கு விலக்கு

மாலுமி எலிசியோ எங்கள் அலுவலகக் கவுண்டருக்கு வந்தபோது மணி இரண்டு. ஐந்துக்குள் கடற்பணிச் சான்றிதழைத் தேர்வு அலுவலகத்தில் கொடுக்காவிட்டால், கப்பல் அதிகாரித் தேர்வை அவன் அடுத்த ஆண்டுதான் எழுத முடியும். சென்ற வாரம் நாங்கள் பதிந்த அவனுடைய பதினான்கு மாதக் கடற்பணி, இன்று காலையிலிருந்து எங்கள் கணினியில் இல்லை.

கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் எங்கள் மணிலா அலுவலகத்தில் பதினொரு பேரும் ஒரே தரவுக்கோப்பில் வேலை செய்கிறோம். யாரும் அதைத் திறந்து வைத்திராதபோதுதான் நகலெடுக்கவும் சீர்செய்யவும் முடியும். ஆகவே, தினமும் பன்னிரண்டே காலுக்கு எல்லாரையும் எச்சரித்து வெளியேற்றிவிட்டு, இரண்டையும் தானே செய்து முடிக்கும் நிரலொன்றை எழுதியிருந்தேன். மேலாளர் வென்செஸ்லாவோ கவனிக்கும்வரை அது ஒழுங்காக ஓடியது. எங்கள் வருகையைத் தலைமையகம் திரை திறந்திருக்கும் நேரத்தைக் கொண்டே கணக்கிடுகிறது. அவருடைய மதிய உணவோ பதினொன்றுக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடிகிறது.

"என் பேரை மட்டும் வெளிய தள்ளாத மாதிரி பண்ணிடும்மா. அப்புறம், தோல்வின்னு மேல மெயில் போகக் கூடாது. அபசகுனமா இருக்கு."

இரண்டையும் செய்தேன். பத்தொன்பது நாள் நகலே எடுக்கப்படவில்லை. பத்தொன்பது நாளும் 'முடிந்தது' என்ற மின்னஞ்சல் தவறாமல் சென்றது. தலைமையகம் பாராட்டியது, பாராட்டை அவர் சட்டமிட்டு மாட்டினார். இருபதாம் நாளான இன்று கோப்பு சிதைந்தது. அவரை இகழ்வது எனக்கு எளிது. ஆனால் அந்த விலக்கை எழுதிய விரல்கள் அவருடையவை அல்ல.

"அக்கா, என் கடற்பணிப் புத்தகம் புதுப்பிக்கப் போயிருக்கு. இன்னிக்கு இங்க இல்லன்னா எங்கயும் இல்ல," என்றான் எலிசியோ. "பதினாலு மாசம் நான் என்ன, கடல்ல மீனாவா இருந்தேன்?"

இரண்டரைக்கு மேலாளர் பல்குச்சியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது.

"மெஷின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும் தம்பி. மெஷின் கோளாறுன்னு ஒரு லெட்டர் அடிச்சுக் குடும்மா."

"அதைத் தேர்வு ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க சார்," என்றான் எலிசியோ. "ஆபீஸ் தப்புன்னு மேனேஜரே எழுதிக் குடுத்தாத்தான் ரெண்டு வாரம் டைம் தருவாங்க. அதுக்குள்ள என் புத்தகம் வந்துடும்."

"தப்பே பண்ணாதவன் எப்படிப்பா எழுதிக் குடுப்பான்?"

நான் அடித்த கடிதம் நான்கு வாக்கியங்களில் முடிந்தது. பத்தொன்பது தேதிகள், கோப்பைத் திறந்து வைத்திருந்தவரின் பெயர், அதற்கு வழிசெய்தவளின் பெயர், வருத்தம்.

"படிச்சுப் பாக்குறீங்களா சார்?"

"உன் இங்கிலீஷ்ல நான் என்ன குறை கண்டுபிடிக்கப் போறேன்?"

கையெழுத்திட்டார். முத்திரையையும் அவரே குத்தினார், சற்று அழுத்தமாக.

எலிசியோ வாசித்தான். இரண்டாம் வாக்கியத்தில் அவன் கண்கள் நின்றன, மேலாளரைப் பார்த்தன, என்னைப் பார்த்தன. தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே போனான். மழை பெய்துகொண்டிருந்தது.

"ஒரு குடைகூட இல்லாம ஓடுறான் பாரு," என்றார் மேலாளர், ஜன்னல் கண்ணாடி அருகே நின்று.

ஜீப்னி வண்டிகளுக்கிடையே, ஒரு கையை மார்போடு அழுத்திப் பிடித்தபடி, அவன் சாலையைக் கடந்துகொண்டிருந்தான்.