அமாரோ தொட்டியில் உட்கார்ந்த சனிக்கிழமை

இல்டாவின் இடுப்பு அந்தக் குளியல் தொட்டியை நம்பித்தான் நடமாடிக்கொண்டிருந்தது. நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்து மீன் கூடத்தில் ஈரத்தரையில் நின்று நாள் முழுக்க மீன் அறுத்துவிட்டு வருகிறவள். வெந்நீரில் கொஞ்ச நேரம் கிடந்தால்தான் மறுநாள் நிமிர முடியும். மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. தொட்டிக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

ஆனால் அது கத்தியது. காலை வைத்தால் கிறீச், உட்கார்ந்தால் கிறீச், சோப்புக்குக் கையை நீட்டினாலும் கிறீச். மரவீடு. நேர் கீழே வீட்டுக்காரர் அமாரோவின் கட்டில். போன மாதம் இல்டாவின் தம்பி டுவார்ட் சரிபண்ணித் தருகிறேன் என்று வந்து, தொட்டிக்கு அடியில் உப்புகிற நுரையை ஒரு டப்பா முழுக்க அடித்துவிட்டுப் போனான். அது உப்பித் தொட்டியையே தூக்கிவிட்டது. அதன்பிறகு கிறீச்சோடு ஒரு டொக்கும் சேர்ந்துகொண்டது.

"சனிக்கிழமை அதப் பேத்துத் தெருவுல போடப்போறேன்," என்றார் அமாரோ. "ஷவர் வச்சுத் தர்றேன். ஊரே நின்னுதான் குளிக்குது."

"நாள் பூரா நின்னுட்டு வர்றேன். குளிக்கவும் நிக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"அப்ப சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சத்தத்த நிறுத்து. ஒரே ஒரு கிறீச் கேட்டாலும் தொட்டி தெருவுக்குத்தான்."

சனிக்கிழமை காலை டுவார்ட் வந்து தொட்டியைக் கழற்றினான். பழைய நுரையைச் சுரண்டியெடுத்து, சிமெண்ட் கலவை குழைத்துக் கொட்டி, அதன்மேல் தொட்டியை இறக்கினான். இந்த முறை நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். கலவை இறுகும்வரை தொட்டி நிறையத் தண்ணீர் நின்றால், அந்தக் கனத்தில் அடி நன்றாகப் படிந்துகொள்ளும். குழாயைத் திறந்தான். புஸ்ஸென்று காற்று வந்தது. தெருவைத் தோண்டுகிறவர்கள் தண்ணீரை அடைத்திருந்தார்கள்.

"அக்கா, கனம் வேணும். இப்பவே வேணும். இல்லன்னா பழைய கதைதான்."

"நீ ஏறி உக்காரு."

"நானா? ஈரத்துணி காயப்போட்ட மாதிரி இருக்கும்."

உண்மைதான். அவன் கருவாடு. இல்டாவோ அவன் தோளுக்குத்தான் வருவாள். அந்த நேரம் பார்த்து மாடிப்படி முனகியது. அமாரோ ஏறி வந்துகொண்டிருந்தார். மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக இருந்து, சமைத்ததில் பாதியைத் தானே தின்று வளர்த்த உடம்பு.

இல்டா தம்பியைப் பார்த்தாள். தம்பி கலவை வாளியைக் கதவுக்குப் பின்னால் தள்ளினான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. பொட்டுச் சத்தம் கிடையாது," என்றாள் இல்டா. " நம்பலன்னா நீங்களே உக்காந்து பாருங்க."

"நான் உக்காந்தா சர்ச் பெஞ்சே கத்தும்," என்று பெருமையாகச் செருப்பைக் கழற்றினார் அமாரோ.

ஏறி உட்கார்ந்தார். தொட்டி புளக்கென்று கலவையில் அமுங்கி அடங்கியது.

"என்ன இது, மாவுல உக்காந்த மாதிரி இருக்கு?"

"எந்திரிக்காதீங்க!" என்று பதறினான் டுவார்ட். " அடியில ஈரச் சிமெண்டு. இப்ப எந்திரிச்சா தொட்டி கோணிக்கும். அப்புறம் கீழ உங்க கட்டில்லதான் தண்ணி சொட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும்," என்றான் டுவார்ட், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அமாரோ அக்கா தம்பியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். கீழேயிருந்து அவர் மனைவி செலஸ்தேயின் குரல் தரை வழியாக வந்தது.

"அங்க என்ன கூப்பாடு?"

"என்னத் தொட்டியில உக்கார வச்சுட்டாங்கடி!"

"நல்லதாப் போச்சு. அங்கயே கிடங்க. நான் போன்ல என் தங்கச்சிகூட நிம்மதியா பேசிக்கிறேன்."

இல்டா கீரை சூப்பும் சாசேஜ் வைத்த ரொட்டியும் கொடுத்தாள். முதுகுக்குத் தலையணை கேட்டார், அதையும் கொடுத்தாள். தின்று முடித்ததும், எப்படியாவது ஒரு கிறீச் வாங்கிவிட வேண்டுமென்று பிட்டத்தை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். தொட்டி வாயைத் திறக்கவில்லை. அந்தச் சலிப்பிலேயே குறட்டை விட்டுத் தூங்கிப்போனார்.

சாயங்காலம் டுவார்ட் கலவையின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினான். அமாரோ எழுந்தார். சத்தமில்லை. உள்ளேயே மிதித்துக் குதித்தார். சத்தமில்லை. முகம் தொங்கிப்போய் ஒரு காலை வெளியே வைத்தார்.

கிறீச்.

"கேட்டுச்சா? கேட்டுச்சா? தொட்டி தெருவுக்கு!"

இல்டா தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அது தொட்டி இல்ல, தரை!" என்று கீழேயிருந்து கத்தினாள் செலஸ்தே. "தினம் கேட்டுட்டுக் கிடக்குறவளுக்கு வித்தியாசம் தெரியாதா? தரை யாருது? வாடகை வாங்குறவங்களுது. முட்டி போட்டு ஸ்க்ரூ அடிங்க!"

அமாரோ தரையைப் பார்த்தார். இல்டா டிரில்லிங் மெஷினை எடுத்து நீட்டினாள். வேறு வழியில்லாமல் மூச்சிரைக்க மண்டிபோட்டார்.

"பலகைக்கு அடியில மரச்சட்டம் எங்க ஓடுதுன்னே தெரியலையே."

கீழே செலஸ்தே கட்டில்மேல் ஏறி நின்று துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். "இங்கதான் கத்துச்சு. இன்னும் இடது பக்கம். ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது!"

"அப்ப தொட்டி?" என்று கேட்டாள் இல்டா.

வாயில் ஸ்க்ரூக்களைக் கவ்வியிருந்த அமாரோ "ம்" என்றார். அது போதும் என்று இல்டா டார்ச்சை அவருக்கு வாகாகப் பிடித்தாள்.