முத்திரை விழாத செய்தி

சாப்பிட உட்கார்ந்த அண்ணன் தட்டைத் தொடவில்லை. கட்டைவிரலால் மேஜை விளிம்பை அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தான். தொழிற்சாலையில் கூடவே வேலை பார்த்த சினேகிதர் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்ட அன்றிலிருந்து அந்த விரலுக்கு வேறு வேலை இல்லை. அபாய மணி அடித்ததுமே நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டேன் என்று முதலில் அடித்துச் சொன்னான். கணினிப் பதிவோ, மணி அடித்து சில விநாடி கழித்தே அழுத்தியதாகச் சொன்னது. இயந்திரத்தின் பிரேக் பழுதோ என்ற பேச்சு அதோடு அடங்கிவிட்டது. நிர்வாகத்துக்கு நிம்மதி. விசாரணையில் அந்தப் பதிவையே திரும்பத் திரும்பக் காட்டியதில், கடைசியில் அண்ணனே நம்பிவிட்டான். கணினிக்கு என் மேல் என்ன பகை என்றான். செத்தவரின் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "ஏண்ணா யோசிச்சீங்க?"

தங்கை அந்தப் பதிவின் நகலை வாங்கிப் பார்த்தாள். அந்தத் தொழிற்சாலைக் கணினியில் இருப்பது அவள் கம்பெனியின் நெட்வொர்க் கார்டு. அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதியவளே அவள்தான். மணி, பொத்தான் என்று வரும் செய்தி ஒவ்வொன்றுக்கும் கார்டே நேர முத்திரை குத்தும். அந்த நேரத்தின் கடைசி இலக்கங்கள் கன்னாபின்னாவென்று இருக்கும். அண்ணனின் பொத்தானுக்கு எதிரே மட்டும் அவை சுத்தமாகப் பூஜ்யங்களில் முடிந்திருந்தன. அது கார்டு குத்திய முத்திரை அல்ல என்று அவளுக்குப் புரிந்தது.

கார்டால் ஒரு சமயத்தில் ஒரு முத்திரையைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். அதை டிரைவர் எடுப்பதற்குள் அடுத்த செய்தி வந்தால் அதற்கு முத்திரை இல்லை. பதிவில் காலியிடம் இருந்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், எதையாவது போட்டு நிரப்பு என்றார் மேலாளர். அவளும் கணினிக்கு எப்போது கை ஒழிகிறதோ அப்போது அதன் கடிகாரம் காட்டும், பூஜ்யங்களில் முடியும் நேரத்தையே எடுத்துப் போட்டு ஒப்பேற்றினாள். பிறகு மறந்தும் போனாள். அன்று எல்லா மணிகளும் ஒரே சமயத்தில் அடித்ததில் கணினி திணறிப்போய், பொத்தானுக்குத் தனக்குக் கை ஒழிந்த நேரத்தைப் போட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள். நாளைக்கே விசாரணையில் வந்து சொல்வதாகவும் சொன்னாள். அவன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

"அப்போ நான் உடனே அழுத்திட்டேனா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஏற்கெனவே ஒரு காலியிடத்தை நிரப்பியவள் அவள்.

"தெரியலண்ணா. பதிவுல இருக்கற நேரம் தப்புன்னுதான் சொல்ல முடியும். நிஜமான நேரம் எங்கயுமே இல்ல."

அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

"நீ மணி மாதிரி கத்து. நான் அழுத்தறேன். எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாரு."

வேண்டாம் என்றாள். அவன் காதில் வாங்கவில்லை. மேஜை விளிம்புக்குச் சற்று மேலே கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்தபடி காத்திருந்தான்.