முழு மலைக்கு ஒரு சீட்டு

பெண்களுக்குப் பாதி மலை போதும் என்று நோட்டீசிலேயே அச்சடித்திருந்தார்கள். சேலத்துச் சைக்கிள் சங்கம் ஏற்காட்டுக்கு நடத்தும் பந்தயம். ஆண்கள் அடிவாரத்திலிருந்து ஏரிக்கரை வரை மிதிக்க வேண்டும். பெண்கள் பாதி வழியில் நின்று சோடா குடிக்க வேண்டும். அஸ்தம்பட்டிப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் வசந்தாமணி, படித்த சூட்டோடு சங்கச் செயலாளர் பாலசுந்தரத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாதி மலைன்னா என்னங்க அர்த்தம்? எங்களுக்கு நுரையீரலு ஒண்ணுதான் இருக்குதுங்களா?"

பாலசுந்தரம் சிரித்தார். "கோவிச்சுக்காதம்மா. தரையில கால் ஊணாம மேல வரைக்கும் நீ ஏறிக் காட்டு. அடுத்த வருசத்துல இருந்து எல்லாப் பொண்ணுங்களுக்கும் முழு மலை. நடுவுல ஒருக்கா ஊணினாலும் அப்பறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

"சரிங்க!" என்று மேசையைத் தட்டிவிட்டு வந்தாள். படியிறங்கும்போதுதான் சைக்கிள் சீட்டு ஞாபகம் வந்தது.

காலில் தெம்புக்குக் குறைவில்லை. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. சனிக்கிழமை தோறும் மல்லசமுத்திரத்து வீட்டுக்குச் சைக்கிளிலேயே போய் வருகிறவள். ஆனால் சமவெளியில் வலித்தால் இறங்கி நிற்கலாம். மலையில் அது நடக்காது. அண்ணன் ஓட்டி ஓய்ந்த சைக்கிள் அது. அதன் ஸ்பிரிங் சீட்டு அம்மிக்கல் கனம்; கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வலி வேறு.

கடைக்காரர் ஷஃபியுல்லாவிடம் போனாள். "லேசா இருக்கோணும் பாய். வலிக்கவும் கூடாது."

அவர் முதலில் லேடீஸ் சீட்டை எடுத்து நீட்டினார். சோபாவைக் கழற்றி வந்ததுபோல் இருந்தது. "இத வெச்சு மலை ஏறுறதுக்கு எங்க ஊட்டு எருமைய ஏத்தலாம்" என்றாள். அடுத்து ரேஸ் சீட்டு வந்தது. எடை இறகு மாதிரி, உட்கார்ந்தால் அரிவாள்மணை. ஒரு தெரு சுற்றிவிட்டு நொண்டிக்கொண்டே திரும்பினாள்.

"எங்கம்மா வலிக்குது?"

"குந்துற எடத்துல."

ஷஃபியுல்லா சட்டென்று சுவர்க் காலண்டர் பக்கம் திரும்பி, அன்றைக்கு நல்ல நேரம் எப்போது என்று கவனமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் அந்த ரேஸ் சீட்டையே மாட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். அம்மா ராமாயிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: மெத்து. இலவம் பஞ்சை அடைத்து ஓர் உறை தைத்து மாட்டினாள். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, பொண்ணுக்கு இன்னும் சீட்டு தேடறீங்களாமா? டாக்டருக்குப் படிக்கறதுக்குங்களா?"

"மெத்துனு ஒண்ணு கெடைச்சாப் போதுங்க" என்றாள் ராமாயி.

"மெத்துனுன்னா... கவருமெண்டு காலேஜுங்களா?"

வசந்தாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சேலத்துக்கு மிதித்தாள். சிரித்தால் இன்னும் வலித்தது. ஆட்டையாம்பட்டி தாண்டுவதற்குள் பஞ்சு அமுங்கிப் பப்படமாகிவிட்டது. போதாததற்கு இருபக்கமும் உராய்ந்து தோல் எரிந்தது. வழியில் மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில். கூடப் படித்த பாவாயி களத்தில் திப்பியை வாரிக்கொண்டிருந்தாள். கிழங்கரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் ஈரச் சக்கை அது; காய்ந்தால் மாட்டுக்குத் தீவனம்.

"வா புள்ள, உக்காரு."

"உக்காரத்தாண்டி முடியல!"

"அப்ப இதுல உக்காரு!" என்று பாவாயி ஒரே தள்ளு தள்ளினாள். வசந்தாமணி திப்பிக் குவியலில் பொத்தென்று விழுந்தாள். இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். எழுந்து, வெள்ளைபூத்த பாவாடையைத் தட்டப்போனவள் குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டாள். குவியலில் அவள் அச்சு. நடுவில் ஆழமாக இரண்டே இரண்டு குழி.

"பாவாயி! எலும்பு! பாரமெல்லாம் இந்த ரெண்டு எடத்துலதான் நிக்குது. ரேஸ் சீட்டு இதைவிட ஒடிசலு, எலும்பு ரெண்டும் வெளிய தொங்கியிருக்குது. பஞ்சு வெச்சா எலும்பு அதுக்குள்ள அமுங்கிப் போயிருது. மெத்தும் வேண்டாம், கித்தும் வேண்டாம், அகலந்தாண்டி வேணும்!"

ஒரு சோளத்தட்டை முறித்துக் குழிக்குக் குழி அளவெடுத்தாள். பாவாயிக்குத் தாங்கவில்லை, அவளும் தொப்பென்று உட்கார்ந்தாள். களத்திலிருந்த பெண்களெல்லாம் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு அச்சு.

"என்றதப் பாரு, ஜமீன் அகலம்!"

"உன்றது என்னடி, கோழி குந்துன மாதிரி!"

மேஸ்திரி ஓடிவந்து கத்தினார். "தீவனத்துல என்ன கூத்து?"

"மாடு ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க!" என்றாள் பாவாயி.

மறுநாள் காலை சோளத்தட்டை வசந்தாமணி ஷஃபியுல்லாவின் பலகைமேல் வைத்தாள். "பின்பக்கம் இந்த அகலத்துக்குக் கொஞ்சம் கூட. முன்பக்கம் ஒடிசலா. ஸ்பிரிங் வேண்டாம்." வலிக்கிற இடத்தைப் பற்றிப் பேச்சு வராததில் அவருக்குப் பெரிய நிம்மதி. உற்சாகமாகப் பரணிலிருந்து தோல் சீட்டுகளை இறக்கினார். ஒவ்வொன்றின் மேலும் தட்டை வைத்துப் பார்த்தாள். நான்காவது பொருந்தியது. ஸ்பிரிங்கைக் கழற்றி நேராகக் கம்பியில் முடுக்கச் சொன்னாள். கல் மாதிரி கெட்டி. ஒற்றைக் கையில் தூக்கலாம். ஏறி மிதித்தாள். தெருமுனையில் இரண்டு கையையும் விட்டுவிட்டு அவள் போட்ட கூச்சலில் ஒரு தள்ளுவண்டிக்காரர் ஒதுங்கி நின்றார்.

பந்தயத்தன்று பாதி மலையில் மற்ற பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். "போங்கக்கா, போங்க!" என்று சோடா பாட்டிலை ஆட்டினார்கள். வசந்தாமணி போனாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தொடை எரிந்தது, கண்ணில் வேர்வை இறங்கியது, வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினாள். உட்காரும் இடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாலேயே ஜீப்பில் பாலசுந்தரம், அவள் கால்களையே பார்த்தபடி.

ஏரிக்கரைக் கோட்டைத் தாண்டினாள். இறங்கவில்லை. வந்து நின்ற ஜீப்பைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"மைக்குல சொல்லுங்க!"

"எறங்கம்மா, கமிட்டியில பேசி..."

"சொன்னாத்தான் கால் ஊணுவேன். எனக்கு ஒண்ணும் வலிக்கலைங்க. பொழுது சாயற வரைக்கும் சுத்துவேன்!"

கூட்டம் கைதட்டியது. பரிசுக் கோப்பையோடு வந்தவர் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தே தலை கிறுகிறுத்து ஓரமாக உட்கார்ந்தார். பாலசுந்தரம் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்த வருசத்துல இருந்து பெண்களுக்கும்... முழு மலை."

"கேக்கலைங்க!"

"முழு மலை! முழு மலை!" ஏரி முழுக்க எதிரொலித்தது.

வசந்தாமணி அதற்காகவே இன்னும் ஒரு சுற்று போனாள்.